வட்டிக்குப் போன பிள்ளைகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நடைப்பயிற்சி முடித்துவிட்டு நாங்கள் நான்கு ஓய்வூதியக்காரர்கள் வழக்கம்போல சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர்கள் கூடினால் கடைசியில் வந்து நிற்கும் இடத்துக்கே வந்து நின்றது. 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட நம் கோயில் மதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்களே, அந்தக் கதைதான். ஏதோ நேற்று நடந்ததுபோல எல்லோருக்கும் ஆத்திரம். எனக்கும்தான்.

அந்த நேரத்தில் டீ கிளாஸைக் கொண்டுவந்து வைத்த பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளி வேலை நாள். மணி ஒன்பது ஆகிவிட்டது.

"எந்த ஸ்கூல் தம்பி?" என்று கேட்டேன். முப்பத்தாறு வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு வாயில் வேறு என்ன வரும்? அவன் கடைக்காரரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "லீவு தாத்தா" என்றான். போய்விட்டான்.

என் பக்கத்தில் இருந்த நண்பர் சொன்னார்: "விடுங்க சார். வீட்ல இருந்தா செல்போனைத்தான் நோண்டிக்கிட்டு இருப்பான். இங்க நாலு காசு பாக்குறான், நாலு பேரோட பழகுறான். தொழில் கத்துக்கட்டுமே."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். 1836ல் போன கல்லுக்காக அரை மணி நேரம் வருத்தப்பட்ட நாங்கள், கண்ணெதிரே போய்க்கொண்டிருந்ததற்கு ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை. அன்று பேசாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டியலும் ஒரு கட்டமும்

நான் 1974ல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் வட்டாரம் முழுக்க அப்போது தறிச் சத்தம் கேட்கும். இலையூர், வாரியங்காவல் பக்கமெல்லாம் பட்டு நெசவு. நான் வேலை பார்த்த ஊரும் அப்படித்தான். ஊர்ப் பெயர் வேண்டாம்.

1978 என்று நினைவு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். மனக்கணக்கில் புலி. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவனைக் காணோம். ஒரு வாரம் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அவன் இல்லை. அப்பா இருந்தார். மரியாதையாக எழுந்து பாய் போட்டார். விஷயம் இதுதான். மூத்த மகள் கல்யாணத்துக்கு ஒரு தறி முதலாளியிடம் முந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதற்கு ஈடாகப் பையன் அந்த முதலாளி வீட்டுத் தறியில் உட்கார வேண்டும். பட்டு நெசவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோர்வைச் சேலைக்கு நெய்பவர் ஒருவர் போதாது. கரை போடுவதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த இன்னோர் ஆள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒரு சின்னப் பையன் அல்லது பெண் பிள்ளை. கடன் தீரும் வரை அங்கேதான். அவன் கூலியில் சாப்பாட்டுக்கு, வட்டிக்கு என்று கழித்தால் மிச்சம் எங்கே? கடன் தீருவதே இல்லை.

"அஞ்சாவது முடிக்கட்டும், அப்புறம் அனுப்புறேன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன் சார். பணத்த வச்சிட்டுப் புள்ளயக் கூட்டிட்டுப் போன்னுட்டாங்க" என்றார் அந்த அப்பா. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். "நீங்க அந்த முந்நூறக் குடுங்க சார். நாளைக்குக் காலைல புள்ள உங்க வகுப்புல இருப்பான்."

முந்நூறு ரூபாய் அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கும் வீட்டில் செலவு இருந்தது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் அந்தத் தெருப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

சில மாதம் கழித்து நீண்ட நாள் வராத மாணவர் பட்டியல் எழுத வேண்டி வந்தது. அதில் காரணம் எழுத ஒரு கட்டம். எல்லாப் பெயருக்கும் எழுதுவதைப் போல அவன் பெயருக்கு நேரேயும் எழுதினேன்: "பெற்றோர் அக்கறையின்மை."

அது பொய். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தில் அப்படி எழுதினால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். இப்படி எத்தனை பெயருக்கு எழுதியிருப்பேன் என்று கணக்கு இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் எழுதினார், பின்னால் வந்தவரும் எழுதினார்.

முன்னாலேயே தெரிந்தவர்கள்

ஓய்வு பெற்ற பிறகு பழைய விஷயங்களைத் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் பார்த்தும் எழுதாமல் விட்ட காரணத்தை எனக்கு நூறு வருடம் முன்பே சிலர் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு நிற்காமல் எழுதியும் இருக்கிறார்கள்.

1882ல் கல்வி நிலையைப் பற்றி விசாரிக்க ஹண்டர் கமிஷன் வந்தது. புனேயில் ஜோதிராவ் புலே அதன் முன் எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார். கிராமத்தில் ஏழைக் குடியானவர்கள் பிள்ளைகளை ஏன் பள்ளிக்கு அனுப்புவதில்லை? வறுமை ஒன்று. மாடு மேய்க்கவும் வயலைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளை தேவைப்படுவது இன்னொன்று. இரண்டையும் அவர் அதில் சொல்கிறார். அதனால் 12 வயது வரையாவது ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் பரிசும் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கவனியுங்கள், "அக்கறையின்மை" என்று அவர் எழுதவில்லை.

அதற்கு முந்தைய வருடம், 1881ல், இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்திருந்தது. அதற்காக பம்பாயில் பாடுபட்டவர் சொராப்ஜி ஷாபுர்ஜி பெங்காலி என்ற பார்சிக்காரர். ஆலைகளில் பெண்களும் குழந்தைகளும் படும் பாட்டைக் கண்டு 1878லேயே ஒரு மசோதா எழுதியவர். இந்திய ஆலைகள் மலிவான கூலியில் ஓடுவது லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்குப் பிடிக்காததும் அந்தச் சட்டம் வர ஒரு காரணம். நல்ல காரியம் எல்லாமே நல்ல எண்ணத்தால் மட்டும் நடப்பதில்லை.

அந்தச் சட்டம் சொன்னதைக் கேட்டால் இன்று திகைப்பாக இருக்கும். 7 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வரை உள்ள பிள்ளைகளை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இதுவே அன்று பெரிய வெற்றி. 1891ல் அந்த வயது 9 ஆயிற்று, 1922ல் 12 ஆயிற்று. ஆனால் இதெல்லாம் இயந்திரம் ஓடுகிற பெரிய ஆலைகளுக்கு மட்டும். பீடிக் கொட்டகைக்கும் தறிக்கும் தோல் பதனிடும் இடத்துக்கும் அந்தச் சட்டம் போகவே இல்லை. ஆலை வாசலில் நின்றுவிட்டது.

38க்கு 13

பள்ளிக்கூடத்தையே கட்டாயமாக்கினால் பிள்ளை வேலைக்குப் போவது தானாக நிற்கும் என்று நினைத்தவர் கோபால கிருஷ்ண கோகலே. 1911 மார்ச்சில் மத்திய சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அடக்கமான மசோதாதான். 6 முதல் 10 வயது வரை நான்கே வருடம். முதலில் ஆண் பிள்ளைகளுக்கு. அதுவும் உள்ளூர் அமைப்புகள் விரும்பினால் மட்டும். மாதம் 10 ரூபாய்க்குக் கீழ் வருமானம் உள்ள பெற்றோரிடம் சம்பளம் வாங்கக் கூடாது.

இதை எதிர்த்தது வெள்ளைக்கார அரசாங்கம் மட்டுமல்ல. நம்மவர்களும்தான். தர்பங்கா மகாராஜா, ஜமீன்தார்களிடமும் பெரிய மனிதர்களிடமும் 11,000 கையெழுத்து வாங்கிக் கொடுத்தார் என்று படிக்கிறோம். பையன்களெல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டால் எங்கள் நிலத்தில் யார் வேலை செய்வது என்ற கவலை. 1912 மார்ச் 19ல் மசோதா 38க்கு 13 என்ற ஓட்டில் தோற்றது. இது தோற்றாலும் இதே மசோதா மறுபடி மறுபடி வரும் என்று கோகலே சபையில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் இறந்தும் போனார்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 98 வருடம்.

அந்த 38 பேரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் பலர் கோயில் கட்டியிருப்பார்கள், அன்னதானம் செய்திருப்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களைப் போல நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அதுதான் இதில் பயமுறுத்தும் சங்கதி.

வலங்கைமான்காரர்

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். அணைக்கரை தாண்டி, கும்பகோணம் போய், அங்கிருந்து பத்து கிலோமீட்டர் போனால் வலங்கைமான். வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். கோகலேவின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, கோகலே இறந்ததும் அதன் தலைவரானார். பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். நம் வட்டாரத்தில் சிதம்பரத்தில் படித்தவர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய ஆங்கிலப் பேச்சைப் புகழ்வார்கள். நான் சொல்ல வருவது வேறொன்று.

1929ல் இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க விட்லி கமிஷன் அமைந்தது. அதன் உறுப்பினர்களில் சாஸ்திரியார் ஒருவர். அதே சங்கத்தைச் சேர்ந்த என்.எம். ஜோஷி இன்னொருவர். கோகலேயை 1912ல் தோற்கடித்தார்கள். அவருடைய ஆட்கள் இருவர் 17 வருடம் கழித்து வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள்.

1931ல் கமிஷன் அறிக்கை வெளிவந்தது. ஆலைச் சட்டம் எட்டிப் பார்க்காத பீடிக் கொட்டகைகளையும் கம்பளத் தறிகளையும் பற்றி அதில் எழுதினார்கள். 5 வயதுப் பிள்ளைகள்கூட 10, 12 மணி நேரம் வேலை செய்வதையும், சரியான சாப்பாட்டு இடைவேளையும் வார விடுமுறையும் இல்லாததையும், மிகச் சிறியவர்களுக்கு 2 அணா கூலி கொடுக்கப்படுவதையும் எழுதினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்த நெசவாளர் போட்ட பாய் ஞாபகம் வந்தது. 1931ல் அச்சில் வந்துவிட்ட ஒன்றை 1978ல் நான் "அக்கறையின்மை" என்று எழுதியிருக்கிறேன்.

அறிக்கையின் பலனாக 1933ல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் உழைப்பை ஈடாக வைத்துச் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். அடகு பிடிக்கும் முதலாளிக்கு 200 ரூபாய் வரை. நியாயமான கூலிக்கு மட்டும், பிள்ளைக்குக் கேடு இல்லாமல், ஒரு வார முன்னறிவிப்பில் நிறுத்திக்கொள்ளக்கூடிய வேலை என்றால் அது அடகு ஆகாது என்றும் சொன்னது.

அந்தக் கடைசி வரியில் ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சட்டத்தின் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் செல்லாது என்று சொன்னதே தவிர, வாங்கிய கடன் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. முந்நூறு ரூபாய்க்கு வழி இல்லாதவரிடம் இன்னொரு ஐம்பதை அபராதமாகக் கேட்டால் அவர் எங்கே போவார்? அடுத்த பிள்ளையையும் அனுப்புவார்.

தண்டனை செய்யாததைச் சோறு செய்தது

நான் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் போலீஸைவிடப் பெரிய வேலை செய்தது சமையல்கூடம்.

சென்னை மாநகராட்சியில் 1920ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. காமராஜர் 1956ல் மதிய உணவைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். பின்னால் வந்த பால் பவுடரும் உப்புமாவும் நாக்கில் இன்னும் இருக்கும். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது அன்று நாம் இருந்த திருச்சி மாவட்டத்தில்தான், பாப்பாக்குறிச்சியில்.

அந்த ஜூலை மாதத்தை நான் மறக்கமாட்டேன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்காள்கள் வந்தார்கள். ஆடு மேய்த்த பையன் மதியத்துக்காவது வந்தான். முதலில் தட்டோடு வந்தவர்கள் பிறகு சிலேட்டோடு வந்தார்கள். ஒரு வேளைச் சோறு, ஒரு பிள்ளையின் அரை நாள் கூலிக்குச் சமம். அதை அரசாங்கம் கொடுத்துவிட்டால் அந்த அரை நாளை வேறு யாரும் விலைக்கு வாங்க முடியாது. 2022ல் ஆரம்பித்த காலை உணவும் அதே கணக்குதான். கட்சி பார்த்துச் சொல்லவில்லை. நான் சொன்ன நான்கு பேரும் நான்கு காலத்தவர்கள்.

1996ல் சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போயிற்று. வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அரசாங்கம் மேலும் 5,000 போட வேண்டும் என்று தீர்ப்பு. பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்காமல் போகாதே என்பதுதான் அதன் சாரம்.

"அப்பன் தொழில்தானே?"

இனி நண்பர் சொன்ன "தொழில் கத்துக்கட்டுமே" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதுவும் புதிது அல்ல. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பள்ளி பாதி நாள்தான். மீதி நேரம் வீட்டுத் தொழில். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லமாட்டேன். இருக்கிற கட்டடத்தில், இருக்கிற ஆசிரியரை வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் நாவிதர் மகன் நாவிதராகவே இருக்க வேண்டுமா என்று நாடு கேட்டது. நியாயமான கேள்வி. 1954ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று.

சட்டத்தில் மட்டும் அது போகவில்லை. 1938ல் வந்த குழந்தைகள் வேலைச் சட்டம் நெசவு, பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தடுத்துவிட்டு, குடும்பத்தார் மட்டும் செய்யும் பட்டறைக்கு இது பொருந்தாது என்றது. 1986 சட்டத்திலும் அதே விலக்கு. 2016ல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று நல்லதாக ஒரு வரி எழுதினார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று கூடவே இன்னொரு வரி.

நானும் மாடு மேய்த்தவன்தான். சித்திரை மாதம் முந்திரிக்கொட்டை பொறுக்கினேன், சுட்டு உடைத்து அதன் எண்ணெய் பட்டுக் கைத்தோல் உரிந்தது. அதனால் நான் கெட்டுப்போகவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கைத்தொழிலைச் சின்ன வயதிலேயே பழகினால்தான் விரல் வளையும் என்று நெசவாளர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. பட்டுத் தறி அழிவது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் நான் மாடு மேய்த்தது பள்ளி விட்ட பிறகு. பரீட்சை வந்தால் அம்மா, "நீ போய்ப் படி" என்பார். அன்று மாட்டை அவர் பார்த்துக்கொள்வார். அந்தக் கணக்குப் புலிக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. 1933 சட்டத்தின் கடைசி வரி என்று சொன்னேனே, அந்த உரைகல் இதுதான். பிள்ளை அந்த வேலையை நாளைக்கே நிறுத்த முடியுமா? முடியும் என்றால் அது வீட்டுக்கு ஒத்தாசை. "பணத்த வச்சிட்டுக் கூட்டிட்டுப் போ" என்று யாராவது சொல்வார்கள் என்றால் அது அடகு. அது அப்பன் வீட்டுத் தறியானாலும் சரி. முதலாளியின் முன்பணத்தில் ஓடும் தறி, வீட்டுக்குள் இருந்தாலும் முதலாளி தறிதான். குடும்பத் தொழில் என்ற விலக்கு அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அதை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

டீக்கடைப் பையன்

இரண்டு நாள் கழித்து மதியம் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒளிக்கவில்லை. "அவன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பதினஞ்சாயிரம் குடுத்திருக்கேன் சார். நான் குடுக்கலன்னா யாரு குடுத்திருப்பா, சொல்லுங்க?" என்றார். 1978ல் முந்நூறு, இப்போது பதினைந்தாயிரம். கேள்வி மட்டும் மாறவில்லை. கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஆட்டுக்கிடைக்குப் பிள்ளைகளை முன்பணத்துக்கு விட்ட செய்திகளையும் நாம் படித்தோமே.

அவர் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் 1978ல் எனக்குத் தெரியாத ஒன்று இன்று தெரியும். 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1933 சட்டம் விட்ட குறையை அது தீர்த்தது. கடனுக்கு ஈடாகக் கடன் வாங்கியவரோ அவர் வீட்டாரோ கட்டுண்டு உழைத்தால், அந்தக் கடனே ரத்து. திருப்பித் தர வேண்டியதில்லை. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுப்பார். நான் சைக்கிளில் போன அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த அப்பாவுக்கும் தெரியாது, வாத்தியாரான எனக்கும் தெரியாது. முந்நூறு ரூபாய் கொடுக்க முடியவில்லையே என்று நான் கூச்சப்பட்டேன். அந்த முந்நூறைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

1098க்குப் போன் செய்தேன். அதிகாரிகள் வந்தார்கள். பையன் இப்போது ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். கடன் விஷயம் இன்னும் முடியவில்லை. அவன் அப்பாவிடம் சட்டத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நாளைக்கு ஒரு அவசரம்னா அவர்கிட்டதானே சார் போகணும்?" என்றார். அதற்காகத்தான் கூட்டுறவுச் சங்கத்திலும் மகளிர் குழுவிலும் அந்த வீட்டுக்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருக்கிறேன். டீக்கடைக்காரர் என்னோடு பேசுவதில்லை. நண்பர் ஒருவர் நடைப்பயிற்சிக்கு வேறு பாதையில் போகிறார். போகட்டும், வருவார்.

நம் வயதுக்காரர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் அப்பனைத் திட்டாதீர்கள், "கத்துக்கட்டுமே" என்று தலையாட்டியும் விடாதீர்கள். எவ்வளவு கடன், யாரிடம், எதற்காக என்று கேளுங்கள். 1098ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொத்தடிமைக் கடன் செல்லாது என்பதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நமக்கு வேறு என்ன வேலை?

அந்தக் கணக்குப் புலிக்கு இப்போது ஐம்பத்தைந்துக்கு மேல் வயதாகியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அந்தப் பழைய பட்டியல் கையில் கிடைத்தால், அவன் பெயருக்கு நேரே நான் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவேன்: "கடன், முந்நூறு ரூபாய்."